குறுகலான கார் ஷெட்: நேரா விடுறதா, ரிவர்ஸ்ல ஏத்துறதா?

கொளத்தூர்வாசி:
2015 வெள்ளத்துல கீழ்வீடு முழுக்கத் தண்ணி. அதுக்கப்புறம் தரையை ரெண்டு அடி உசத்திக் கட்டினோம். 2023 மிக்ஜாம் புயல்ல ஷெட்டுக்குள்ள தண்ணி ஏறல. ஆனா தெருவுல இருந்து ஏறுற சறுக்கு ரொம்பச் செங்குத்தா ஆயிடுச்சு. ஷெட் அகலம் எட்டரை அடிதான். அப்பா நேரா விடச் சொல்றாரு, தம்பி ரிவர்ஸ்ல ஏத்தச் சொல்றான். எது பாதுகாப்பு?

தண்டையார்பேட்டை டிரைவர்:
ரிவர்ஸ்தான் தம்பி. காலையில நம்ம தெருவெல்லாம் எப்படி இருக்கும்? ஸ்கூல் ஆட்டோ, தண்ணி லாரி, குடத்தோட நிக்கிறவங்க, நடுவுல ஓடுற பசங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள பின்பக்கமா இறங்கவே கூடாது. ராத்திரி தெரு காலியா இருக்கும்போது நிதானமா ரிவர்ஸ் எடுத்துக்கலாம். இன்னொண்ணு, சின்ன காருங்க பெரும்பாலும் முன்சக்கரத்துல இழுக்குறது. நேரா ஏறினா எடை பின்னாடி சாஞ்சு, மழை ஈரத்துல முன் டயர் வழுக்கும். ரிவர்ஸ்ல ஏறினா எடை முன் டயர் மேலயே விழும், பிடிப்பு நல்லா இருக்கும்.

பெரம்பூர் அம்மா:
எனக்கு இது சரியாப் படல அண்ணா. ரிவர்ஸ்ல விட்டா சைலன்சர் வீட்டைப் பார்த்து இருக்கும். நம்ம பக்கம் முக்கால்வாசி வீட்டுல ஷெட்டோட பின்சுவர்லதான் ஒரு ரூம் ஜன்னல் இருக்கு. எங்க வீட்டுல அது மாமியார் ரூம். புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்குதுன்னு படுத்தவங்க எழுந்திருக்காமலே போயிடலாம். அதனால நாங்க நேராத்தான் விடுறோம். வெளிய எடுக்கும்போது வீட்டு ஆள் ஒருத்தர் தெருவுல நின்னு கை காட்டாம வண்டி நகராது.

தண்டையார்பேட்டை டிரைவர்:
தினமும் ஆள் நிக்குமாம்மா? அவசரமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்ப யாரு நிப்பா? 2019 ஜூலையில இருந்து புதுக் காருக்குப் பின் சென்சார் கட்டாயம்தான். ஆனா தரையில உட்கார்ந்திருக்கிற குழந்தை, படுத்திருக்கிற நாய், இதெல்லாம் பல நேரம் அதுக்குத் தெரியாது. புகைக்கு வழி இருக்கு: கேட்டை முழுசாத் திறந்தப்புறம்தான் சாவி போடணும், ஸ்டார்ட் ஆனதும் வெளிய வந்துடணும். இப்ப வர்ற வண்டியை நிக்க வெச்சுச் சூடாக்க வேண்டிய அவசியமே இல்ல.

பெரம்பூர் அம்மா:
அந்த முதல் நிமிஷப் புகைதான் அண்ணா மோசமே. சைலன்சர் லைன்ல புகையோட நச்சைக் குறைக்கிற கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, அது சூடாகுற வரைக்கும் நச்சு சரியாக் குறையாது. அந்தப் புகை அப்படியே ஜன்னல் வழியா உள்ள போகும். கேட்டைத் திறந்து வெச்சாலும் பின்சுவர் ஓரம் காத்து நகராது.

வியாசர்பாடி மெக்கானிக்:
முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் நிறுத்துற முறையைக் கவனிங்க சார். மழையில நனைஞ்சு வந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டுட்டு ஊருக்குப் போயிடுறாங்க. நம்ம கடல்காத்துக்கு, திரும்பி வரும்போது பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கிட்டு இருக்கு. தரை சமமா இருந்தா கியர்ல விட்டு, டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வெச்சாப் போதும். ஆனா ஷெட் கழுவுற தண்ணி வெளிய ஓடணும்னு தரையைத் தெருப்பக்கம் சரிச்சுத்தான் போடுறாங்க. அங்க ஹேண்ட் பிரேக், கியர், கட்டை மூணுமே வேணும். உங்க சறுக்கு வழியா வண்டி உருண்டா நேராத் தெருவுலதான் போய் நிக்கும். சறுக்கை நீட்டுறேன்னு மழைநீர் வடிகால் மேல கட்டிடாதீங்க, மாநகராட்சி இடிச்சிடும். அடுத்த மழைக்கு உங்க தெருவே மூழ்கும்.

கொளத்தூர்வாசி:
பின்சுவர்ல அடுப்படி ஜன்னல் இருக்கு. அதை அடைச்சுட்டுப் பக்கச் சுவர்ல வைக்கக் கொத்தனார்கிட்ட பேசியாச்சு. அதுவரைக்கும் நேராத்தான், தம்பி தெருவுல நிப்பான். ஜன்னல் மாறினதும் ரிவர்ஸ்.

பெரம்பூர் அம்மா:
ஷெட்டுல இருந்து வீட்டுக்குள்ள போற கதவு இருந்தா அதோட அடி இடுக்கையும் ரப்பர் பட்டை போட்டு அடைக்கச் சொல்லுங்க தம்பி. ஜன்னல் வேலையோட சேர்த்தே முடிச்சுடலாம்.