மான்செஸ்டர் யுனைடெட்டை காப்பாத்துனது பிஷப் ஆக்லண்டாம்! ஆளை விடுங்கப்பா

ஆஃப்சைடு அண்ணாச்சி:
நேத்து இங்க ஒரு போஸ்ட் பாத்ததுல இருந்து கடுப்பு அடங்க மாட்டேங்குது. "1958ல மான்செஸ்டர் யுனைடெட் டீம் போன விமானம் மூனிச்ல விபத்துல சிக்குனதுக்கு அப்புறம், அவங்களை காப்பாத்துனதே பிஷப் ஆக்லண்ட்ங்குற அமெச்சூர் (சம்பளம் இல்லாம ஆடுற) ஃபுட்பால் டீம்தான்"னு ஒருத்தர் கண்ணீர் வடிச்சு எழுதியிருக்காரு, அதுக்கு கீழ புல்லரிச்சுப்போய் நாலு பேரு. பிஷப் ஆக்லண்ட் சாதா டீம்னு நான் சொல்லல. இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்.ஏ நடத்துன அமெச்சூர் கப்பை 10 தடவை தூக்குனவங்க, அதுல 1955, 56, 57னு மூணு வருஷம் வரிசையா. அந்தக் கப் வரலாற்றுலயே அவங்களுக்கு மேல யாரும் இல்ல. ஆனா யுனைடெட்டுக்கு அங்கேருந்து போனது மூணே மூணு பேரு. டெரெக் லெவின், பாப் ஹார்டிஸ்டி, வாரன் பிராட்லி. போய் எங்க ஆடுனாங்க? மெயின் டீமுக்கு அடுத்த ரிசர்வ் டீம்ல. திரும்பவும் சொல்றேன், ரிசர்வ் டீம்ல.

மண்ணுமைதானம்:
அந்த போஸ்ட் என்னோடதுதான், பேரைச் சொல்லியே திட்டலாம் அண்ணாச்சி, வெக்கம் எதுக்கு. விபத்துல எட்டு பிளேயர் செத்துட்டாங்க, இன்னும் ரெண்டு பேரால அதுக்கப்புறம் ஆடவே முடியல. ரிசர்வ்ல இருந்த பசங்களை அள்ளி ஃபர்ஸ்ட் டீம்ல போட்டாங்க. அப்போ ரிசர்வ் மேட்ச் ஆட ஆள் எங்கேருந்து வரும், வானத்துல இருந்தா? ஹார்டிஸ்டிக்கு அப்ப 37 வயசு. அந்த வயசுல போய் பொடிப்பசங்களோட நின்னு ஆடியிருக்காரு. இதுக்குப் பேரு காப்பாத்துறது இல்லன்னா வேற என்ன.

ரெட்டெவில் மணி:
யுனைடெட்டை காப்பாத்துனது அசிஸ்டென்ட் மேனேஜர் ஜிம்மி மர்ஃபி. வேல்ஸ் டீம் வேலையா போனதால அந்த விமானத்துல அவரு இல்ல, மேனேஜர் மேட் பஸ்பி ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒத்த ஆளா டீமை நிறுத்துனாரு. இதுல அமெச்சூர் கப்பு எங்க வந்துச்சு? எங்க சோகத்துல வந்து பங்கு கேக்காதீங்க ப்ரோ.

நடுவர்விசில்:
ஒரு சின்ன கேள்வி. அமெச்சூர்னா யாருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு பேசலாமா? காசே வாங்காதவனா, இல்ல வாங்குனது வெளிய தெரியாதவனா? அது தெரியாம இந்த விவாதமே அர்த்தம் இல்லாதது.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
மணி சொன்னதுல பாதி சரி. மண்ணு தம்பி, தேதி பாருங்க தேதி. பிப்ரவரி 6 விபத்து. 19ஆம் தேதி ஷெஃபீல்டு வெட்னஸ்டே டீமை எஃப்.ஏ கப்ல (ப்ரொஃபஷனல் டீமுங்களும் ஆடுற பெரிய கப்) 3-0னு அடிச்சாங்க. அந்த மேட்சுக்குன்னு புதுசா வந்தவங்க யாரு? பிளாக்பூல்ல இருந்து எர்னி டெய்லர், ஆஸ்டன் வில்லால இருந்து ஸ்டான் கிரௌதர். ரெண்டு பேரும் சம்பளத்துக்கு ஆடுன ப்ரொஃபஷனல்ஸ். அந்த சீசன்ல கப் ஃபைனல் வரைக்கும் போய் போல்டன்கிட்ட 2-0ல தோத்தாங்க. அந்த ஃபைனல்ல ஆக்லண்ட்காரன் எத்தனை பேரு? சைபர். ஏன்னா அவங்க இருந்தது எங்க? ரிசர்வ் டீம்ல.

மண்ணுமைதானம்:
பிராட்லியை மட்டும் நைசா விட்டுட்டீங்க பாருங்க. 1958-59 சீசன்ல லீக்ல 24 மேட்ச், 12 கோல், யுனைடெட் ரெண்டாவது இடம். விபத்து நடந்த அடுத்த சீசன்லயே ரெண்டாவது இடம்! 1959ல இங்கிலாந்துக்கே ஆடுனாரு. இதுவும் ரிசர்வா?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
பிராட்லி ப்ரொஃபஷனல் கையெழுத்து போட்டது 1958 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி எங்க இருந்தாரு? நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க.

வடகிழக்கு காத்து:
ரெண்டு பேரும் ஆக்லண்டையே கட்டிக்கிட்டு அழுங்க. பக்கத்து ஊரு க்ரூக் டவுன் பத்தி ஒருத்தனாவது வாயைத் திறந்தீங்களா? 1901, 1954, 1959, 1962, 1964. அமெச்சூர் கப்ல அஞ்சு ஃபைனல், அஞ்சுலயும் கப்பு, தோல்வியே கிடையாது. உங்க ஆக்லண்ட் 18 ஃபைனல் ஆடி எட்டுல மண்ணைக் கவ்வுனாங்க. 1954 ஃபைனல்ல ரெண்டு டீமும் மோதுனப்ப லண்டன் வெம்ப்ளி மைதானத்துல ஒரு லட்சம் பேரு முன்னாடி 2-2, திரும்ப நியூகாஸில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்ல 2-2, மூணாவது தடவை மிடில்ஸ்பரோ ஏர்சம் பார்க்ல 1-0னு முடிச்சு விட்டது க்ரூக். அமெச்சூர் ஃபைனலுக்கு மூணு மேட்ச், இன்னைக்கு நெனச்சுப் பாக்க முடியுமா.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
க்ரூக் பத்தி பேசணுமா, வாங்க பேசுவோம். 1928ல பிளேயருக்கு திருட்டுத்தனமா காசு குடுத்து மாட்டுனது எந்த டீம்? மாட்டுனதோட நிக்காம "நாங்க மட்டுமா, எல்லாரும்தான் குடுக்குறாங்க"ன்னு மத்தவங்களையும் கோத்து விட்டு, அந்த ஊருங்க இருக்குற டர்ஹாம் பக்கம் நூத்துக்கணக்கான பிளேயருங்க மேல நடவடிக்கை எடுக்க வெச்சாங்க. சுரங்கத் தொழிலாளி ஊரு, வேலை இல்லாத காலம், ஷூக்குள்ள ரெண்டு ஷில்லிங் வெச்சா வாங்காம என்ன பண்ணுவான், அவனை நான் குத்தம் சொல்லல. ஆனா நீங்க வந்து தூய்மை பேசாதீங்க.

வடகிழக்கு காத்து:
தூய்மைன்னு நான் எங்க சொன்னேன்? தோக்கலன்னுதான் சொன்னேன். படிச்சுட்டு பதில் போடுங்க.

நடுவர்விசில்:
அதான் நான் அப்பவே கேட்டேன், ஷூக்குள்ள காசு வாங்குனவன் அமெச்சூரா இல்லையா?

வெம்ப்ளி பறவை:
நிஜமான அமெச்சூர் வேணும்னா பெகாசஸ் பாருங்க. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பசங்க சேந்து 1948ல ஆரம்பிச்ச டீம். மூணே வருஷத்துல, 1951 அமெச்சூர் கப் ஃபைனல்ல, ஒரு லட்சம் பேரு முன்னாடி இதே பிஷப் ஆக்லண்டை 2-1னு அடிச்சாங்க. 1953 ஃபைனல்ல ஹார்விச் டீமை 6-0. அழகுன்னா அதுதான் அழகு.

மண்ணுமைதானம்:
வந்துட்டாருய்யா கோட்டு சூட்டு! அப்பன் காசுல படிச்சவனுக்கு சம்பளம் எதுக்கு. வாரம் பூரா சுரங்கத்துல நிலக்கரி வெட்டிட்டு சனிக்கிழமை மேட்ச் ஆடுற வடக்கத்தி ஊர்க்காரன்தான் அந்தக் கப்போட உயிரு. காசுக்கு ஆடாம இருக்கறது பணக்காரனுக்கு ஈஸி.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
தம்பி ஓவரா உணர்ச்சிவசப்படாதீங்க. பிஷப் ஆக்லண்ட் டீம் எப்படி வந்துச்சு தெரியுமா? அங்க மதப்படிப்பு படிக்க வந்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பசங்க தொடங்கி வெச்சது. அந்த ரெண்டு நீலக் கலர் சட்டையே அந்த ரெண்டு யூனிவர்சிட்டி கலரு. நீங்க கோட்டு சூட்டுன்னு திட்டுற கும்பல்தான் உங்க டீமுக்கு சட்டை தைச்சுக் குடுத்திருக்கு.

வெம்ப்ளி பறவை:
😂😂 அண்ணாச்சிக்கு ஒரு சல்யூட்

மண்ணுமைதானம்:
ஆரம்பிச்சது யாரா வேணா இருக்கட்டும், ஆடுனது யாரு? 1948 ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டன் டீமுக்கு மேனேஜரு மேட் பஸ்பி, அதுல ஆடுனவரு ஹார்டிஸ்டி. ஆளோட தரம் என்னன்னு யுனைடெட்டுக்கு தெரியும், அதனாலதான் அந்த நேரத்துல அவரை சேத்துக்கிட்டாங்க. ஏன் டெல்லி பல்கலைக்கழகத்துல இருந்தெல்லாம் கூப்பிடல?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
சேத்துக்கிட்டாங்க, ஒத்துக்குறேன். எங்க நிறுத்துனாங்க? ரிசர்வ்ல.

ரெட்டெவில் மணி:
அண்ணாச்சி விடுங்க, இவரு இப்படியேதான் பேசுவாரு.

குட்டி கோல்கீப்பர்:
எல்லாரும் சண்டை போடுறீங்க ஆனா 1974ல கடைசி ஃபைனலும் பிஷப்தான ஜெயிச்சாங்க, 4-1ன்னு, அப்புறம் என்ன சந்தேகம்?

வடகிழக்கு காத்து:
யப்பா சாமி. அது பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு. லண்டன் பக்கம். இல்ஃபோர்டை அடிச்சாங்க. பேருல பிஷப் இருந்தா எல்லாம் ஒண்ணா?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
இந்த கோல்கீப்பர் தம்பியை ஞாபகம் இருக்குல்ல? "எஃப்.ஏ கப்பும் அமெச்சூர் கப்பும் ரெண்டும் ஜெயிச்சது விம்பிள்டன் மட்டும்தான்"னு முந்தா நாள் எங்கிட்ட சவால் விட்ட அதே ஆளு. விம்பிள்டன் 1963ல அமெச்சூர் கப், அந்த ஃபைனல்ல எடி ரெனால்ட்ஸ் நாலு கோலும் தலையாலேயே அடிச்சாரு, 1988ல லிவர்பூலை அடிச்சு எஃப்.ஏ கப். எல்லாம் சரி, சூப்பர் கதை. ஆனா ஓல்ட் கார்த்தூசியன்ஸ்னு ஒரு டீம் அதுக்கு எவ்வளவோ முன்னாடியே ரெண்டையும் வாங்கி வீட்டுல வெச்சிருச்சு. அமெச்சூர் கப்பையே முதல் தடவை ஜெயிச்சது அவங்கதான். அன்னைக்கு பதில் சொல்லாம ஓடுனாரு, இன்னைக்கு பிஷப் வேஷத்துல வந்திருக்காரு.

குட்டி கோல்கீப்பர்:
நான் ஓடல, நெட் இல்ல. ஓல்ட் கார்த்தூசியன்ஸ் எல்லாம் ஸ்கூல் பசங்க டீம், அதை யாரு கணக்குல எடுப்பா.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
ஸ்கூல் "பழைய" மாணவர்கள். மீசை வெச்சவங்க.

நடுவர்விசில்:
1974ல ஏன் அந்தக் கப்பையே நிறுத்துனாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? அமெச்சூர், ப்ரொஃபஷனல்ங்குற பிரிவையே எஃப்.ஏ தூக்கிருச்சு, எல்லாரும் வெறும் பிளேயர்னு. யாரு அமெச்சூர்னு அவங்களாலயே பிரிச்சு சொல்ல முடியல. நான் காலைல இருந்து கேக்குறதும் அதான்.

மண்ணுமைதானம்:
நடுவரே, உங்க கேள்விக்கு அப்புறம் வரேன். முதல்ல அண்ணாச்சி 12 கோலுக்கு பதில் சொல்லட்டும்.

வடகிழக்கு காத்து:
எனக்கும் யாரும் பதில் சொல்லல. அஞ்சுக்கு அஞ்சு.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
எல்லாருக்கும் ராத்திரி வந்து வரிசையா தரேன், இப்ப ஆபீஸ்ல மீட்டிங். அதுக்குள்ள அந்த கோல்கீப்பர் தம்பி இதை மனப்பாடம் பண்ணி வெக்கட்டும்: ஓல்ட் கார்த்தூசியன்ஸ், எஃப்.ஏ கப் 1881, அமெச்சூர் கப் 1894, 1897. கேப்பேன்.

குட்டி கோல்கீப்பர்:
கேளுங்க கேளுங்க, நெட் இருந்தா வரேன்.