டேங்குக்கு வேர், கிரைண்டுக்கு சரிவு: மலையேற்றக் கத்திக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

மலையேற்றக் கத்திக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ஃபிக்ஸட் பிளேடு நைஃப், அதாவது அலகு பிடியோடு நிலையாகப் பொருந்தி மடங்காமல் இருக்கும் கத்தி, என்பதற்கு வந்த பரிந்துரைகளைப் படித்தேன். நிலையலகுக் கத்தி, மடக்காக் கத்தி, உறைக்கத்தி ஆகிய மூன்றில் என் ஓட்டு உறைக்கத்திக்குத்தான். தமிழில் கத்தி என்றாலே மடங்காததுதான், மடங்குவதற்குத்தான் மடக்குக்கத்தி என்று தனியாக அடைமொழி கொடுத்தோம். அப்படி இருக்க மடக்காக் கத்தி என்பது சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது. உறையோடு இடுப்பிலோ பையிலோ போகிற கத்தி உறைக்கத்தி, சொன்னவுடன் விளங்குகிறது. சூரிக்கத்தி என்ற நல்ல பழைய சொல்லை எடுக்கலாமே என்று கேட்ட நண்பருக்கு: அந்தச் சொல் இன்றைக்குக் குற்றச் செய்திகளில்தான் வாழ்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, 31-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது, அந்தச் சட்டத்தின் ஆயுத வரையறையில் கத்தியும் இருக்கிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும்போது சூரிக்கத்தி, குறுவாள் என்றெல்லாம் நாமே பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

சரி, இந்தப் பெயர் எப்படி முடிந்தாலும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கத்தியை எடை போட உதவும் சொற்கள்தான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம், ஏலகிரி என்று போய்வருகிற ஒருவர் பாரிமுனையில் ஒரு கடையில் நின்று கத்தியைக் கையில் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லே அவருக்குக் காட்ட வேண்டும்.

> ஒரு நண்பரின் கேள்வி: டேங் என்பதற்குக் காம்பு போதாதா?

காம்பு என்றால் பிடி என்ற பொருளும் இருக்கிறதே. குடைக்காம்பு, அகப்பைக்காம்பு எல்லாம் கையில் பிடிக்கும் பகுதி. டேங் என்பது அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் மறைந்துபோகிற எஃகு. ‘முழுக்காம்பு’ என்று எழுதினால் பிடி முழு நீளம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். இன்னொருவர் சொன்ன ‘பிடியுள் நீட்சி’ சரியான விளக்கம், ஆனால் விளக்கம் சொல்லாகாது, அதில் முழு, அரை என்று சேர்த்துப் பாருங்கள், வாயில் நிற்காது. என் பரிந்துரை வேர். பல்லுக்கு வேர் இருக்கிற மாதிரி, வெளியே தெரியாமல் உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது. பிடியின் கடைசி வரை போனால் முழுவேர், பாதியில் நின்றால் குறுவேர், ஒல்லியாக இருந்தால் ஊசிவேர் என்று மூன்று வகையும் தானாகவே அமைந்துவிடுகின்றன.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுவேர் இல்லாத கத்தி கத்தியே இல்லை என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. நம் ஊர் அரிவாளையும் உளியையும் பாருங்கள். ஒல்லியான வேரைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் அடித்து இறக்கி, பிடி பிளக்காமல் இருக்கப் பூண் போட்டுவிடுவார்கள், தலைமுறைக்கு உழைக்கும். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் என்ற உறைக்கத்தியிலும் வேர் பிடியின் கடைசி வரை போவதில்லை. குச்சி சீவ, கயிறு அறுக்க, பழம் நறுக்க அது தாராளமாகப் போதும். கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கிற வேலை இருந்தால்தான் முழுவேர் தேவைப்படும். ஒரு நாள் நடைக்கு அந்த வேலையே வராது, வனப்பகுதியில் தீ மூட்டவும் கூடாது.

> இன்னொரு நண்பரின் பரிந்துரை: ஸ்காண்டி கிரைண்ட் என்பதை ஸ்காண்டித் தீட்டல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். தீட்டுவது மழுங்கிய பிறகு நாம் செய்கிற வேலை. கிரைண்ட் என்பது அலகு முதுகிலிருந்து வாய் வரை, அதாவது வெட்டும் ஓரம் வரை, எப்படி மெலிகிறது என்கிற வடிவம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். பட்டை தீட்டுதல் என்ற வழக்கை நினைத்து ‘பட்டை’ என்று முன்பு ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இந்தக் கத்தியின் முதல் வேலையே மரப்பட்டை உரிப்பது. எந்தப் பட்டை என்று வரிக்கு வரி விளக்க வேண்டிவரும். அதனால் சரிவு.

ஸ்காண்டியில் அலகின் பெரும்பகுதி தட்டையாகவே வந்து, வாய்க்குக் கொஞ்சம் மேலே ஒரு சரிவு தொடங்கி நேராக வாயிலேயே முடிகிறது. வாயோரத்தில் இரண்டாவதாக ஒரு குட்டிச் சரிவு கிடையாது. எனவே ஒற்றைச்சரிவு. ஸ்காண்டிநேவியா எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கும் இந்தப் பெயர் தீட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிடும்: அந்த ஒரு சரிவைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமையும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் இதைக் கொடுக்கக் கூடாது என்பதும் அதிலிருந்தே விளங்கும், சுழலும் சக்கரத்தில் வாயோரம் புதுச் சரிவு விழுந்துவிட்டால் ஒற்றைச்சரிவு போய்விட்டது, சூடு ஏறினால் எஃகின் பதமும் கெடும். முதுகிலிருந்தே மெலிந்து வருவது முழுச்சரிவு. மாங்காயும் வெள்ளரியும் நறுக்க அதுதான் சுகம். ஒற்றைச்சரிவு கெட்டிக் காயில் ஆப்பு மாதிரி இறங்கி அதைப் பிளந்துவிடும், குச்சி சீவும்போது மட்டும் அதை அடிக்க வேறொன்று இல்லை. வெளியே புடைத்து மெலிவது, உள்ளே குழிந்து மெலிவது என்ற மற்ற இரண்டுக்கும் பள்ளி இயற்பியலே போதும்: குவிலென்ஸ், குழிலென்ஸ் படித்த எல்லோருக்கும் குவிசரிவும் குழிசரிவும் உடனே புரியும்.

முதுகு, வாய், முனை, பிடி, பூண், உறை எல்லாம் பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள், அவற்றைத் தொட வேண்டாம். எஃகின் பெயர்களை அப்படியே 12சி27, 1095 என்று எழுதலாம், அவை குறியீடுகள். திருவான்மியூர்க் கடற்காற்றில் வைத்திருப்பவர்கள் கார்பன் எஃகு வாங்கினால் துடைத்து எண்ணெய் பூசாமல் உறைக்குள் போடாதீர்கள் என்ற ஒரு வரியையும் சொற்பட்டியல் விளக்கத்தில் சேர்க்கச் சொல்வேன்.

அலகின் தடிப்புக்கு கனம் என்று எழுதுவதையும் விட்டுவிடலாம், எடை என்று படித்துவிடுகிறார்கள். தடிமன் 2.5 மி.மீ., நீளம் 10 செ.மீ. என்று தெளிவாக எழுதலாம். அந்த அளவுதான் இந்த வகைக் கத்திக்குப் போதுமானதும்கூட. 5 மி.மீ. தடிமனில் வருகிறவை கையில் எடுக்கும்போது உறுதியாகத் தெரியும், குச்சி சீவும்போது கை வலிக்கும்.

வேர் என்பதற்கு மறுப்பு இருப்பவர்கள் முழு, குறு, ஊசி மூன்றோடும் சேர்ந்து வரக்கூடிய மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். சரிவு பற்றி யாருக்கும் தடை இல்லையென்றால் நான்கு வகைகளையும் வரைபடத்தோடு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.