‘சிறுதுளை அறுவை’யும் அதன் ‘பெறுபேறு’ம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நாள்பட்ட குடலழற்சி நோயருக்கான கையேட்டில் ‘அவுட்கம்’ (சிகிச்சைக்குப்பின் நோயருக்கு நேர்வது) என்பதைப் ‘பலன்’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் தஞ்சைப் பக்கத்தில் பலன் என்றாலே நன்மைதான். ‘விளைவு’ என்றால், பக்கவிளைவு, பின்விளைவு என்று கேட்டுப் பழகிய காது கெடுதலையே எதிர்பார்க்கும்; ‘முடிவு’ என்ற சொல்லையோ ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவரிடம் சொல்லவே கூடாது. இலங்கைத் தமிழர் தேர்வு முடிவுகளுக்கு வழங்கும் ‘பெறுபேறு’ நன்மை, தீமை இரண்டையும் தாங்கும். அதையே நாமும் கொள்ள வேண்டும்.

நாள்பட்ட குடலழற்சியின் ஒரு வகையான குரோன் நோயில் சிறுகுடலின் கடைப்பகுதியையும் அதை ஒட்டிய பெருங்குடல் தொடக்கத்தையும் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சில துளைகளிட்டு, கேமராவால் பார்த்துச் செய்யும் அறுவை) வழியே நீக்கினால், வயிற்றைத் திறந்து செய்வதைவிட வலியும் மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைகின்றன. ஆனால் குடலை இணைத்த இடத்தில் நோய் திரும்ப வருவது இவ்விரு முறைகளில் எதில் செய்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். இன்னொரு வகையான பெருங்குடல் புண் நோயில் பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றிவிட்டுச் சிறுகுடலாலேயே மலம் தங்கும் பை அமைக்கும் முறையைப் பிரிட்டன் அறுவை மருத்துவர்களான பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978இல் வெளியிட்டனர். அதைத் துளை வழியே செய்யும்போது உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொள்வது குறைவதால், இளம்பெண்களின் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுதலாகக் காக்கப்படுகிறது. அந்தப் பையில் பின்னர் அழற்சி வருவதும் உண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவருக்கு இணைப்பு கசியும் ஆபத்தும் கூடுதல். இவை அத்தனையும் பெறுபேறுகளே.

லேப்ராஸ்கோப்பிக்கு நாளிதழ்கள் எழுதும் ‘நுண்துளை’ எனக்கு உவப்பாக இல்லை. 5 முதல் 12 மி.மீ. வரையுள்ள துளையை நுண்ணியது என்பது மிகை. வெட்டிய குடலை வெளியே எடுக்கச் சில செ.மீ. கீறலும் வேண்டும். கும்பகோணம் பக்கத்து உறவினர்கள், “வயித்தத் திறக்கணுமா, ஓட்டை போட்டாப் போதுமா டாக்டர்?” என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் மனத்தில் உள்ள துளையையே கொண்டு ‘சிறுதுளை அறுவை’ எனலாம். ரோபோ வழி அறுவையும் அதில் அடங்கும்.

துளை வழியே தொடங்கிய அறுவையில் பாதியில் வயிற்றைத் திறக்க நேர்வதைத் ‘திறப்புக்கு மாறுதல்’ என எழுதப் பரிந்துரைக்கிறேன். குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீழ்க்கட்டியும் இருக்கையில், நோயரின் பாதுகாப்பைக் கருதி அறுவை மருத்துவர் எடுக்கும் முடிவு அது; ஆகவே கையேட்டில் ‘சிக்கல்கள்’ என்ற தலைப்பின்கீழ் அதை அச்சிடாமல், தனிப் பெறுபேறாகவே குறிக்க வேண்டுகிறேன்.