அந்த 500 கோடி டாலரில் கண்ணிவெடிக்கு எவ்வளவு?

கணக்கன்: "1993 முதல் 500 கோடி டாலருக்கு மேல் செலவழித்து உலகத்தின் கண்ணிவெடிகளை அகற்றுவது அமெரிக்காதான்" என்று தூயன் பெருமையடித்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. உபரித் துப்பாக்கிகளை அழிப்பது, தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளை ஒழிப்பது, ஆயுதக் கிடங்குகளுக்குப் பாதுகாப்பு எல்லாமே அந்தக் கணக்கில்தான் வருகின்றன. கண்ணிவெடிக்கு மட்டும் எவ்வளவு?

தூயன்: பெரும்பகுதி. போதுமா? பல ஆண்டுகளாகக் கொடுப்பதில் முதலிடம் அவர்களுக்குத்தான்.

கணக்கன்: "பெரும்பகுதி" ஓர் எண்ணா? எவ்வளவு?

செம்பருத்தி: எண் கிடக்கட்டும். 1964 முதல் 1973 வரை லாவோஸில் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது யார்? கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி. அதில் 30 விழுக்காடு வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. பந்து மாதிரி இருப்பதால் பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். 2016இல் ஒபாமா அங்கே போய் மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். தான் போட்டதைப் பொறுக்கக் கொடுக்கும் கூலி கொடையா?

தூயன்: அது கொத்துக்குண்டு, இங்கே பேச்சு கண்ணிவெடி. அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் பல தரப்பும் புதைத்தன. அங்கேயும்தான் பணம் தருகிறார்கள்.

கணக்கன்: அடடா! பழி வரும்போது கொத்துக்குண்டு வேறு, கண்ணிவெடி வேறு. 500 கோடியைக் கூட்டும்போது மட்டும் துப்பாக்கிகூட உள்ளே வரலாம்!

மலைத்தேன்: கண்ணிவெடி அகற்றும் களத்தில் ஒருவர் முகக்கவசத்தோடு மண்டியிட்டு, உலோகம் கண்டறியும் கருவி கத்தும் இடத்தையெல்லாம் பக்கவாட்டில் மெல்லக் கிளறிப் பார்க்கிறார். துரு ஆணிக்கும் அது கத்தும். 2025 ஜனவரியில் வாஷிங்டன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியதும் பல நாடுகளில் அந்த வேலை நின்றது. ஒரே நாட்டை நம்பியிருப்பதைப் பற்றிப் பேசலாமே?

தூயன்: அவர்கள் நிறுத்தினால் வேலையே நிற்கிறது. அப்படியானால் இதுவரை கொடுத்தது யார்?

செம்பருத்தி: அவ்வளவு அக்கறையிருந்தால், ஆளைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளான மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997 ஒட்டாவா உடன்படிக்கையில் ஏன் சேரவில்லை? 2024 நவம்பரில் உக்ரைனுக்கு மிதிவெடி கொடுக்கவும் சம்மதித்தார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறார்கள்.

தூயன்: இந்தியாவும்தான் சேரவில்லை. போன அணு உலை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் கிளை தாவினீர்கள்.

செம்பருத்தி: அதில் பாதியில் ஓடியது யார் என்று ஊருக்கே தெரியும்.

மலைத்தேன்: கால் போனவர்களை யாரும் தொடவே இல்லையே? அமெரிக்க செனட்டர் லீஹி முயற்சியில் 1989இலேயே செயற்கைக் காலுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரு நிதி தொடங்கினார்கள். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கன்: நான் தொடுகிறேன் ஐயா. அது 500 கோடிக்கு உள்ளேயா, வெளியேயா?

தூயன்: சாமி, உங்களுக்கு வேறு கேள்வியே கிடையாதா?

கணக்கன்: பதிலே வரவில்லையே. எவ்வளவு?

செம்பருத்தி: கண்ணிவெடி அகற்றப் பணம் தரும் நார்வே சின்ன நாடு. ஆள் கணக்குக்குப் பிரித்துப் பார்த்தால்...

தூயன்: வந்துவிட்டது நார்வே! அந்த நாடும் ஆயுதம் விற்கிறது, தெரியுமா?

கணக்கன்: நார்வே கிடக்கட்டும், இருவரும் நழுவாதீர்கள். தூயன், எவ்வளவு?