கலிபோர்னியா சமூகக் கல்லூரிகள்: கட்டணம் ஏன் வேறுபடுகிறது?

கேள்வி: ஃப்ரீமான்ட்டில் வசிக்கும் எங்கள் மகளுக்காகக் கல்லூரிகளை ஒப்பிட்டு வருகிறோம். ஓலோனி கல்லூரியில் யூனிட்டுக்கு (பாட அளவை எண்ணும் அலகு) 46 டாலர், டி அன்சா கல்லூரியில் 31 டாலர் என்றிருக்கிறது. ஒரே மாநிலத்தில் இந்த வேறுபாடு ஏன்?

பதில் 1: உண்மையில் பெரிய வேறுபாடு இல்லை, ஐயா. ஓலோனி செமஸ்டர் முறையிலும் டி அன்சா அதைவிடக் குறுகிய பருவங்களைக் கொண்ட குவார்ட்டர் முறையிலும் இயங்குவதால், அசோசியேட் பட்டத்துக்கு (ஈராண்டுப் பட்டம்) முன்னதில் 60 யூனிட்டும் பின்னதில் 90 யூனிட்டும் தேவைப்படுகின்றன. பெருக்கிப் பார்த்தால் 2,760 டாலர், 2,790 டாலர். மாநிலவாசிகளுக்கான கட்டணத்தை மாநிலச் சட்டமே நிர்ணயிக்கிறது.

பதில் 2: மாநிலவாசி அல்லாதோருக்கான கூடுதல் கட்டணத்தை அந்தந்தக் கல்லூரி மாவட்டமே (கல்லூரிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்பு) முடிவு செய்வதால், மகளின் வசிப்பிடத் தகுதியை முதலில் உறுதி செய்யுங்கள். வருமானம் குறைவெனில் ‘கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட்’ என்ற உதவித் திட்டத்தின் மூலம் யூனிட் கட்டணம் முழுவதற்கும் விலக்குப் பெறலாம், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.