மாற்றிய டர்போவும் போகிறது: ஆயில் லைன்தான் காரணமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 2013 மாடல் டீசல் கார், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வருடம்தான் புது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டோம். இப்போது அதுவும் ஊளையிடுகிறது. கொல்லிமலை ஏறி முடித்தால் பானட்டிலிருந்து கருகிய ஆயில் வாடை வருகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. டெம்பரேச்சர் முள் மட்டும் நடுவிலேயே நிற்கிறது. "டர்போவே மட்டம், இன்னொன்று போட்டுவிடலாம்" என்கிறார் மெக்கானிக். அவ்வளவு பணத்தைத் திரும்பவும் கொட்டப் பயமாக இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதில்:
அவசரப்பட்டு வாங்காதீர்கள் சார். அந்த முள் கூலன்ட் சூட்டைத்தான் காட்டும், டர்போ சூடு அதில் தெரியாது. இன்ஜின் நன்றாக ஆறியபின் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, டர்போவின் ஷாஃப்டை (நடுவில் சுற்றும் தண்டு) விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பரவாயில்லை, ஆயில் நிற்க அந்த இடைவெளி வேண்டும். முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, பிளேடு ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ பேரிங் போய்விட்டது. பிரித்துப் பார்க்கும்போது ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போதாமல் வெந்திருக்கிறது. சுற்றிலும் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயிலோடு அழுக்கும் வந்திருக்கிறது.

இன்னொரு பதில்:
டீசல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஷாஃப்ட், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. மலை ஏறியவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும். உள்ளே தங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப்பின் பேஞ்சோ போல்ட்டை (உள்ளே ஆயில் போக ஓட்டையுள்ள போல்ட்) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் அதற்குள் சின்ன வலை இருக்கும், முதலில் அடைப்பது அதுதான். ஃபீட் பைப்பைக் கழுவி மாட்ட வேண்டாம், புதிதே போடுங்கள். ரிட்டர்ன் பைப்பில் ஆயில் தன் எடையில்தான் சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும். அது நசுங்கினாலோ, இன்ஜின் உள்ளே சேரும் வாயு வெளியேறும் பிரீதர் அடைத்தாலோ, ஆயில் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டி ஒழுகும். உங்கள் நீலப் புகைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கேட்டவர்:
இன்று பிரித்தோம் அண்ணா. ஷாஃப்ட் நீலமாகத்தான் இருக்கிறது. ஃபீட் போல்ட் ஓட்டையில் ஊசிகூட நுழையவில்லை, உள்ளே கட்டிக் கரி. பழைய பைப்பையே மாட்டியிருக்கிறார்கள். ரிட்டர்ன் கேஸ்கெட்டில் சிலிக்கான் தடவி, அது உள்பக்கம் பிதுங்கி நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்காரர்:
சரி, காரணம் கிடைத்துவிட்டது. டர்போ பக்கம் சிலிக்கானே வேண்டாம், வெறும் கேஸ்கெட் போதும். பிரீதரையும் சுத்தம் செய்யுங்கள். சம்ப்பைக் கழற்றி ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்திலுள்ள பிக்கப் வலையைப் பாருங்கள், அங்கேயும் கரி இருந்தால் அடுத்துப் போடும் டர்போவும் நிலைக்காது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் இன்ஜின் அதையே எரித்துத் தறிகெட்டு ஓடும். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிது. டர்போவின் ஃபீட் துளையில் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு, டீசல் சப்ளையைத் துண்டித்து, ரிட்டர்னில் ஆயில் இறங்கும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். அதன் பிறகு ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலிங்கில் விடுங்கள்.