ஒன்றேகால் வயதுப் பாப்பாவுக்கு ராத்திரி என்ன கொடுக்கலாம்?

பாப்பாவுக்கு 15 மாசம். ராத்திரி 7 மணிச் சாப்பாட்டுக்கு யோசனை சொல்லுங்கள், அக்காமாரே. இப்போது பருப்புச் சாதம்தான்: பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1, துருவின கேரட் கொஞ்சம், தண்ணீர் 1 டம்ளர், குக்கரில் 5 விசில். மிக்ஸியில் அடிப்பதில்லை, கரண்டியால் மசித்தால்தான் மென்று பழகும். ஆறினால் இறுகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் வெந்நீர் விட்டுத் தளர்த்தி, நெய் அரை டீஸ்பூன். கேழ்வரகு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுகிறோம். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும்.

வேண்டியது, கையில் பிடித்துத் தின்ன ஏதாவது. இட்லியை விரல் நீளத்துக்கு நறுக்கினால் சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரை அடைதான் சிக்கல்: ஓரம் முறுகி, தொண்டையில் குத்துகிறது. மெத்தென்று வர மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? மூடி போட்டு வேகவிடலாமா? முட்டை ஒத்துக்கொள்கிறது. முழுக் கடலை, முழுத் திராட்சை மட்டும் சொல்லாதீர்கள், புரையேறிவிடும்.